அள்பா தோற்ற நாள்

புகழ் அனைத்தும், உயர்த்துபவனும் தாழ்த்துபவனுமாகிய வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தானது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மத் முஸ்தஃபா (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், மறுமை நாள் வரை அவர்களைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

இன்று பேசப்போகும் விஷயத்தைக் கேட்டால், "மிம்பரில் பேச வேறு விஷயமே இல்லையா ஹஜ்ரத்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். விஷயம் இதுதான்: நாம் விரும்பும் அணி, பரம எதிரி அணியிடம் தோற்றுப்போகிறது. அன்று இரவு நம் பிள்ளைக்கு என்ன ஆகிறது? நமக்கு என்ன ஆகிறது?

கல்லூரியில் படிக்கும் மகன் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான். கதவைச் சாத்திக்கொள்வான். கேட்டால் எரிந்து விழுவான். "விளையாட்டுதானே, விடுடா" என்று சொன்னால் இன்னும் கோபம் வரும். இதை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது? இந்த வருத்தம் பாவமா? அற்பமா? இல்லை, இதிலும் அல்லாஹ் நமக்கு ஏதாவது கற்றுத்தருகிறானா?

ஒரு ரன்

2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு அது ரமலானின் முதல் வாரம். ஹைதராபாத்தில் ஐ.பி.எல். இறுதிப் போட்டி. ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் மும்பை. அதற்கு முன் 2013லும் 2015லும் இறுதிப் போட்டியில் சென்னையைத் தோற்கடித்த அதே மும்பை. அந்த ஆண்டு மட்டுமே அதுவரை மூன்று முறை மோதி, மூன்றிலும் மும்பைதான் ஜெயித்திருந்தது. அதனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த இரவு சாதாரண இரவாக இல்லை.

மும்பை 149 ரன்கள். சென்னைக்குக் கடைசி ஓவரில் 9 ரன்கள் தேவை. நிலைத்து நின்று 80 ரன்கள் அடித்திருந்த வாட்சன் அந்த ஓவரில் ரன் அவுட். கடைசிப் பந்தில் 2 ரன்கள் தேவை. மலிங்கா வீசினார், ஷர்துல் தாகூர் எல்.பி.டபிள்யூ. ஒரே ஒரு ரன்னில் தோல்வி.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் தன் மகனைக் கையோடு அழைத்து வந்தார். காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் கணக்கு எழுதுபவர் அவர். மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. "ராத்திரி செல்போனைச் சுவத்துல அடிச்சு உடைச்சிட்டான் ஹஜ்ரத். அவங்க அம்மா ஸஹருக்கு எழுப்பப் போனாங்க. சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிட்டான். ஸஹர் செய்யல. நீங்களே கேளுங்க" என்றார்.

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஒரு வரிதான் சொன்னான்: "நாம தோத்துட்டோம் ஹஜ்ரத்."

இன்னொன்றும் நடந்திருந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே உயிர் நண்பன். அவன் மும்பை ரசிகன். போட்டி முடிந்ததும் கேலியாக ஒரு ஸ்டிக்கர் அனுப்பியிருக்கிறான். இவன் பதிலுக்கு அவனுடைய அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை எழுதிவிட்டான். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

நான் என்ன செய்தேன்? திட்டினேன். "ரமலான் மாசத்துல இதெல்லாம் ஒரு கவலையா? உனக்கு வெட்கமா இல்லையா?" என்று கேட்டேன். அவன் எதுவும் பேசாமல் எழுந்து போனான். அடுத்த சில நாட்கள் பள்ளிவாசல் பக்கமே வரவில்லை.

அன்பிற்குரியவர்களே! உங்களிடம் ஒன்றை மறைக்க நான் விரும்பவில்லை. முந்தைய இரவு தராவீஹும் வித்ரும் தொழ வைத்துவிட்டு அறைக்குள் போன நான், முதலில் கையில் எடுத்தது தஸ்பீஹை அல்ல, செல்போனை. கடைசிப் பந்து வரை பார்த்தேன். தாகூர் அவுட் ஆனபோது எனக்கும் நெஞ்சில் ஏதோ விழுந்து உடைந்தது போல்தான் இருந்தது. அந்தப் பிள்ளையின் வருத்தம் என்னிடமும் இருந்தது. என்னுடையதை மறைக்கத்தான் அவனை அவ்வளவு கடுமையாகத் திட்டினேனோ என்று பிறகு யோசித்தேன்.

ஸஹாபாக்களும் வருந்தினார்கள்

சில நாட்கள் கழித்து, ஓதும்போது மதரஸாவில் பல முறை படித்த ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. படித்த காலத்தில் அதன் கருத்து இப்படி என் மனதைத் தொட்டதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற பெயரில் ஒரு பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை முந்தியவர் யாரும் இல்லை. மதீனாவில் எல்லோருக்கும் அது ஒரு பெருமை. ஒருநாள் ஒரு கிராமவாசி, இளம் ஒட்டகம் ஒன்றில் ஏறி வந்தார். அள்பாவை முந்திவிட்டார்! ஸஹாபாக்களுக்கு அது பெரும் வருத்தத்தைத் தந்தது. அந்த வருத்தம் அவர்களின் முகத்தில் தெரிந்ததை நபியவர்கள் கவனித்தார்கள். அப்போது அவர்கள் சொன்னதன் கருத்து: இந்த உலகில் உயர்ந்த எந்தப் பொருளையும் ஒருநாள் தாழ்த்தாமல் அல்லாஹ் விடுவதில்லை, அது அவன் தன் மீது விதித்துக்கொண்ட நியதி. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, வருந்தியவர்கள் யார்? பத்ரைக் கண்டவர்கள். சொத்தையும் ஊரையும் விட்டு ஹிஜ்ரத் செய்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே ஓர் ஒட்டகப் பந்தயத்தின் தோல்வி வலித்தது. நாம் நேசிக்கும் ஒன்று தோற்கும்போது மனம் நோவது மனித இயல்பு. அதற்காக ஈமான் குறைந்துவிட்டதாக யாரும் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, நபியவர்கள் அவர்களைத் திட்டவில்லை. வெட்கமில்லையா என்று கேட்கவில்லை. வருத்தத்தை அப்படியே ஏற்று, அதன் வழியாகவே உலகத்தின் நியதியைக் கற்றுக்கொடுத்தார்கள். நான் அந்தப் பிள்ளையிடம் செய்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

விளையாட்டை மார்க்கம் வெறுக்கிறது என்ற எண்ணமும் தவறானது. நபியவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். இப்னு உமர் (ரலி) அதில் கலந்துகொண்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்களே ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முதல் முறை ஆயிஷா (ரலி) ஜெயித்தார்கள். பின்னொரு நாள் நபியவர்கள் ஜெயித்து, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சொன்னார்கள். தோல்வியை எவ்வளவு இலகுவாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள்!

எது கணக்கில் எழுதப்படும்?

அப்படியானால் எல்லை எங்கே இருக்கிறது?

ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நபியவர்கள் பார்க்கப் போனார்கள். அங்கே கண் கலங்கினார்கள். கண்ணீருக்காகவோ உள்ளத்தின் கவலைக்காகவோ அல்லாஹ் தண்டிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, தங்கள் நாவைச் சுட்டிக்காட்டி, இதன் காரணமாகத்தான் தண்டிப்பான் அல்லது கருணை காட்டுவான் என்ற கருத்தைச் சொன்னார்கள். இதுவும் புகாரியில் உள்ள செய்திதான்.

ஒரு மரணத்தின் சோகத்துக்கே இதுதான் அளவு என்றால், ஒரு மேட்சின் சோகத்துக்கு வேறு அளவு தேவையா? மனம் நொந்தால் நோகட்டும். நாவுக்கும் கைக்கும் கணக்கு உண்டு. தோல்வி வலித்ததற்காக அந்தப் பிள்ளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஸஹருக்கு எழுப்ப வந்த தாயிடம் பேசிய வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டும். நண்பனின் தாயைப் பற்றி எழுதிய வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டு தாய்மார்களும் எந்த அணியிலும் ஆடவில்லையே!

எனதருமை இளைஞர்களே! ஒரு ரசிகனின் கோபம் பெரும்பாலும் போய்ச் சேருவது, தோல்விக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம்தான். 2020 அக்டோபரில் கொல்கத்தாவிடம் சென்னை தோற்றது. அதன் பிறகு தோனியின் ஐந்து வயது மகளைக் குறிவைத்து ஒருவன் சமூக வலைத்தளத்தில் கேவலமான மிரட்டல் எழுதினான். போலீஸ் தேடிப் பிடித்தபோது, குஜராத்தைச் சேர்ந்த 16 வயதுப் பையன். எந்தக் கொடூரமான கும்பலும் இல்லை, வீட்டில் செல்போன் வைத்திருந்த ஒரு பள்ளி வயதுப் பிள்ளை. அவன் தாய் தந்தை அன்று எப்படி வெளியே தலைகாட்டியிருப்பார்கள்?

கை எல்லை மீறினால் எங்கே போய் முடியும் என்பதற்கு 2022 அக்டோபர் 1 சாட்சி. நம் சகோதரர்கள் வாழும் இந்தோனேஷியாவில், மலாங் பகுதியின் கஞ்சுருஹான் மைதானம். உள்ளூர் கால்பந்து அணியான அரேமா, பரம எதிரியான பெர்செபாயாவிடம் 3-2 எனத் தோற்றது. ஆத்திரத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. வாசல்களில் நெரிசல். 135 பேர் இறந்தார்கள், அதில் சிறு பிள்ளைகளும் உண்டு. கண்ணீர்ப்புகை வீசியது பெரும் தவறு. அதற்கு அங்கே வழக்கு நடந்து, தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனாலும் அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பிய யாரும், ஒரு மேட்சுக்காக மய்யித்தாகத் திரும்புவோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

தவறு செய்தவரை என்ன செய்தார்கள்?

தோற்றவுடன் நாம் செய்யும் முதல் வேலை, யாரால் தோற்றோம் என்று ஓர் ஆளைத் தேடுவது. கேட்ச் விட்டவன், ரன் அவுட் ஆனவன், கடைசி ஓவர் போட்டவன்.

உஹதுப் போரை நினைத்துப் பாருங்கள். உஹதையும் ஒரு விளையாட்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள், அல்லாஹ் பாதுகாப்பானாக! பெரிய தோல்வியில் நம் நபி எப்படி நடந்தார்கள் என்று தெரிந்தால்தான், சிறிய தோல்வியில் நாம் எப்படி நடக்க வேண்டும் என்று புரியும். 50 அம்பெய்பவர்களை ஓர் இடத்தில் நிறுத்தி, என்ன நடந்தாலும் நகரக் கூடாது என்றார்கள் நபியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் நகர்ந்துவிட்டார்கள். வெற்றி கைநழுவியது. 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) ஷஹீதானார்கள். நபியவர்களின் திருமுகத்தில் காயம், பல் உடைந்தது.

இதற்குக் காரணமானவர்களை என்ன செய்யச் சொன்னான் அல்லாஹ்? ஆலு இம்ரான் சூராவில், அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள், காரியங்களில் அவர்களிடம் ஆலோசனையும் கேளுங்கள் என்று தன் நபிக்குக் கட்டளையிடுகிறான். கவனியுங்கள், மன்னிப்பதோடு நிற்கவில்லை. மறுபடியும் சபையில் உட்கார வைத்து யோசனை கேட்கச் சொல்கிறான்!

அந்த 2019 போட்டியிலேயே ஒன்று உண்டு. கடைசி ஓவரை வீசிய மலிங்கா, அதற்கு முன் வீசிய 3 ஓவர்களில் 42 ரன்களைக் கொடுத்திருந்தார். ரசிகர்கள் கையில் முடிவு இருந்திருந்தால் அவரைத் தூக்கி எறிந்திருப்பார்கள். கேப்டன் அவரிடமே பந்தைக் கொடுத்தார். சறுக்கியவர் மீது மறுபடியும் நம்பிக்கை வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உலக விஷயத்திலேயே தெரிகிறது.

2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. பதினோரு பேர் சேர்ந்து தோற்ற ஆட்டம். ஆனால் முஹம்மது ஷமியை மட்டும் அவருடைய மார்க்கத்தைச் சொல்லி ஏசினார்கள். நம் எல்லோருக்கும் வலித்தது. அன்று கேப்டனாக இருந்த விராட் கோலி எல்லோருக்கும் முன்னால் ஷமியின் பக்கம் நின்று, மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைக் கடுமையாகக் கண்டித்தார். நீதியைச் சொன்ன அவரை நாம் பாராட்ட வேண்டும். அடுத்த ஆண்டு செப்டம்பரில், அதே பாகிஸ்தானிடம் தோற்ற ஆட்டத்தில் கேட்ச் விட்டதற்காகச் சீக்கியரான அர்ஷ்தீப் சிங்கை அப்படியே ஏசினார்கள். அன்று நமக்கு அதே அளவு வலித்ததா? நம் பிள்ளைகளின் செல்போனிலிருந்து அந்த மாதிரி ஒரு வரிகூடப் போகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? நமக்கு வந்தால் அநியாயம், நாம் செய்தால் ஜாலி என்பது முஃமினின் நீதியாக இருக்க முடியாது.

"நாம" என்ற சொல்

அந்தப் பிள்ளை சொன்ன வரிக்கு வருகிறேன்: நாம தோத்துட்டோம். அவன் பேட் பிடிக்கவில்லை, பந்து போடவில்லை. ஹைதராபாத்தையே பார்த்ததில்லை. ஆனாலும் "அவங்க தோத்துட்டாங்க" என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஏன்?

தனியாக இருக்க மனிதனால் முடியாது. நாலு பேரோடு சேர்ந்து சிரிக்க, நாலு பேரோடு சேர்ந்து அழ ஒரு "நாம்" அவனுக்கு வேண்டும். மஞ்சள் சட்டை அதைக் கொடுக்கிறது. இது கெட்ட ஆசை இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவருக்கும் அன்சாரி ஒருவருக்கும் கைகலப்பு. ஒருவர் "முஹாஜிர்களே!" என்றும் மற்றவர் "அன்சாரிகளே!" என்றும் தங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள். நபியவர்கள் அதைக் கேட்டு, இது அறியாமைக் கால அழைப்பல்லவா, விட்டுவிடுங்கள், இது நாற்றமடிக்கும் ஒன்று என்ற கருத்தில் கண்டித்தார்கள். முஹாஜிர், அன்சார் என்ற இரண்டும் அல்லாஹ் தன் வேதத்தில் புகழ்ந்து சொன்ன பெயர்கள்! அப்படிப்பட்ட பெயரே, ஒருவர் மீது இன்னொருவரை ஏவப் பயன்பட்டால் நாறிவிடுகிறது என்றால், மஞ்சளும் நீலமும் எம்மாத்திரம்?

பணம் கட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிலோ நண்பர்களுக்குள்ளோ பந்தயம் கட்டினால் அது சூது, ஹராம். சூதின் மூலம் பகையை மூட்டி, தொழுகையை விட்டும் தடுக்க ஷைத்தான் நாடுகிறான் என்று குர்ஆன் சொல்கிறது. காசு போன ஆத்திரம்தான் பல நேரம் அணி மீதான பாசம் என்ற பெயரில் வெளியே வருகிறது. உங்கள் உள்ளத்தை நீங்களே கேட்டுப்பாருங்கள்.

இன்னொரு கேள்வி எனக்கும் சேர்த்து. அஸ்ர் தொழுகை தவறியவர் குடும்பத்தையும் செல்வத்தையும் பறிகொடுத்தவரைப் போன்றவர் என்பது நபிமொழியின் கருத்து. ஒரு ரன் போனதற்கு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வக்து போனதற்கு என்றைக்காவது சாப்பாடு இறங்காமல் இருந்ததா? விளையாட்டின் தோல்வி ஒரு கண்ணாடி. நம் உள்ளம் எதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அது அப்படியே காட்டிவிடும். அந்த ரமலான் இரவில் அது எனக்கு என்னைக் காட்டியது.

அந்தக் கிராமவாசி

அள்பாவின் ஹதீஸ் நினைவுக்கு வந்த அன்று அஸ்ருக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். "தம்பி, நான் அன்னைக்கு உன்னைத் திட்டினது தப்பு. நானும் அந்த மேட்சைப் பார்த்தேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றேன். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். ஹதீஸைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, பதினைந்து வருடம் மார்க்கம் சொல்லிக்கொடுத்த எனக்குத் தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்டான்:

"ஜெயிச்ச அந்தக் கிராமவாசியை ஸஹாபாக்கள் என்ன சொன்னாங்க ஹஜ்ரத்?"

யோசித்துப் பார்த்தேன். அந்த ஹதீஸில் அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதாக இல்லை. அல்லாஹ்வின் தூதருடைய ஒட்டகத்தை, அவர்களை உயிராக நேசிப்பவர்களின் நடுவில் தோற்கடித்தவர் அவர். ஏச்சில்லை, ஏளனமில்லை. அவர்கள் தங்கள் வருத்தத்தைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள்.

இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய்த் தன் அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். அவர் அழுவது எனக்குக் கேட்டது. "பிள்ளையார்பாளையம் போயிட்டு வரேன் ஹஜ்ரத்" என்று கிளம்பினான்.

பிறகு அவனே சொன்னது இது. அவன் போனபோது நண்பன், தன் அப்பாவுக்குத் துணையாகத் தறியில் உட்கார்ந்து கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தான். கோர்வைப் புடவை என்றால் உங்களுக்குத் தெரியுமே, உடலையும் கரையையும் தனித்தனி நாடா வைத்துக் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். இவனைப் பார்த்ததும் அந்தப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவன் வாசலில் நின்றபடியே, "உங்க அம்மாவைப் பத்தி எழுதினதுக்கு மன்னிச்சிடுடா. அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்" என்றான். அவன் நாடாவை வைத்துவிட்டு, "நான்தான் முதல்ல ஸ்டிக்கர் அனுப்பினேன்" என்றான்.

தோற்றவன் நாவைக் காக்க வேண்டும். ஜெயித்தவனும் கேலியைக் காக்க வேண்டும். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைக் கேலி செய்ய வேண்டாம், அவர்கள் இவர்களைவிடச் சிறந்தவர்களாக இருக்கலாம் என்று ஹுஜுராத் சூராவில் அல்லாஹ் எச்சரிக்கிறான். ஜெயித்த இரவில் இந்த ஆயத்தை நினைப்பது, தோற்ற இரவில் நினைப்பதைவிடக் கடினம்.

நாட்கள் சுழலும்

அதன் பிறகு என்ன நடந்தது? 2022ல் அதே மும்பை பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனது. 2023ல் சென்னை ஐந்தாவது முறையாகக் கோப்பையை வென்றது, அதுவும் கடைசிப் பந்தில். மஞ்சள் சட்டைக்காரர்கள் விடிய விடியக் கொண்டாடினார்கள். 2025ல் சென்னை, தன் வரலாற்றிலேயே முதல் முறையாகப் பட்டியலில் கடைசி. உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று அள்பா தோற்ற நாளில் சொல்லப்பட்டது நம் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டே இருக்கிறது. உஹதுக்குப் பிறகு முஃமின்களைத் தேற்றும்போதும், இந்த நாட்களை மனிதர்களிடையே நாமே சுழலவிடுகிறோம் என்ற கருத்தைத்தான் அல்லாஹ் சொன்னான்.

என் அருமை இளைஞனே! தேர்வில், வேலையில், வியாபாரத்தில், உடல்நலத்தில் இதைவிடப் பெரிய தோல்விகள் நாளை வரலாம். இன்று ஒரு ரன் தோல்வியில் தாயிடம் குரல் உயர்த்தாமல் இருக்கப் பழகியவன்தான், அன்று மனைவி மக்களிடம் குரல் உயர்த்தாமல் இருப்பான். அடுத்த முறை உன் அணி தோற்றால் வருந்து, தப்பில்லை. செல்போனைக் கீழே வை. ஒளு செய். வீட்டில் முதலில் எதிர்ப்படுபவரிடம் நல்ல வார்த்தை ஒன்று பேசு. எதிரணி நண்பனுக்கு ஒரு வாழ்த்து அனுப்பு. கை வராது, இருந்தாலும் அனுப்பு. பெற்றோர்களே, அந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

யா அல்லாஹ்! கைநழுவியதற்காக உடைந்துபோகாத, கிடைத்ததற்காகக் கர்வப்படாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் நாவையும் கையையும் கோபத்தின் நேரத்தில் பாதுகாப்பாயாக! எங்கள் பிள்ளைகளைப் பெற்றோருக்கும், அண்டை வீட்டாருக்கும், நண்பர்களுக்கும் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! உன் சந்நிதியில் தோற்றவர்களாக எங்களை நிறுத்திவிடாதே யா ரப்பே! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.